வேன் நிற்காத பள்ளிக்கூடம்

மெட்ராஸ் ரோடு திண்டிவனத்துக்குள் நுழைந்ததும் இருதயராஜ் வேனின் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வைக்கோல் பரப்பி அதன்மேல் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. பெண்கள் பள்ளி ரோட்டோரத்திலேயே இருந்தது. தண்ணீர் தெளித்த வாசலில் பாவாடை தாவணி போட்ட பிள்ளைகள் கூட்டமாக நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் அவருடைய மகள் அம்சாவும் இருப்பாள். அங்கேதான் அவள் பிளஸ் ஒன் படித்தாள். 'நானே ஓட்டிக்கினு வந்து உங்க இஸ்கோல்ல எறக்குவேன் பாரு' என்று முந்தின நாள் அவர்தான் அவளிடம் சொல்லியிருந்தார்.

இண்டிகேட்டரைப் போடக் கை போனபோது, பக்கத்து சீட்டிலிருந்த கோதண்டபாணி, "நேரா போப்பா" என்றார்.

"சார், இஸ்கோலு இதான் சார்."

"தெரியும். விழுப்புரம் போ."

பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் திட்டத்துக்காக விழுப்புரத்தில் ஒரு சின்ன ஆபீஸ் திறந்திருந்தார்கள். அதில் கோதண்டபாணிதான் அதிகாரி. அவர் சொன்னால் டிரைவர் கேட்க வேண்டும். இருதயராஜ் காலை ஆக்சிலேட்டரில் வைத்து அழுத்தினார். வாசலைத் தாண்டும்போது ஒரு பெண் கையை உயர்த்துவது ஓரக்கண்ணில் பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த கரும்பு லாரியின் நம்பர் பலகையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

கூட்டேரிப்பட்டு கூட்ரோடு வந்தது. அங்கே ரயில்வே கேட் மூடியிருப்பதுபோல ஒரு மாட்டுவண்டி வரிசை குறுக்கே நின்றது. அப்போதுதான் கோதண்டபாணி தானாகவே பேசினார்.

"அங்க ரூமுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுப்பா. வோல்டேஜும் சரியில்ல. விழுப்புரத்துல நம்ம வித்யாவர்த்தினியில பக்காவா ரூம் இருக்கு. பசங்களும் இன்ஜினியரிங் போறவங்க. இந்தப் பொண்ணுங்க பிளஸ் டூ முடிச்சா கல்யாணம் கட்டிக்கினு போயிடும். தற்காலிகமாத்தான். அப்புறம் பாத்துக்கலாம்."

வித்யாவர்த்தினி ஆண்கள் பள்ளியில் கோதண்டபாணியின் மகன் படித்தான். அது இருதயராஜுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது கோதண்டபாணிக்கும் தெரியும்.

கோதண்டபாணி கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. போன வருஷம் இருதயராஜின் மனைவி செண்பகம் மஞ்சள் காமாலையில் கண் திறக்காமல் கிடந்தபோது, ஆபீஸ் வேனையே கொடுத்துப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் அவர். டெம்பரவரி டிரைவராக இருக்கும் இருதயராஜைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருப்பவரும் அவரே. அந்த நினைப்பெல்லாம் சேர்ந்து இருதயராஜின் வாயைக் கட்டிப் போட்டன. வித்யாவர்த்தினியில் பெட்டிகளை இறக்கும்போது, கூலியாட்கள் இருந்தும் அவரே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே விளங்கவில்லை.

சாயங்காலம் பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அம்சா எதிரில் வந்து நின்றாள்.

"ப்பா, உன் வேன் எங்க இஸ்கோலத் தாண்டிப் போச்சே. நிக்காமப் பூட்ட."

"அது வெறும் வண்டிம்மா. மெட்ராஸ்ல பொட்டி தரல. இன்னும் சரக்கு வரலியாம்."

"அப்ப எப்ப வரும்?"

"வரும். ஜல்தியா வந்துடும்."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அம்சா நம்பிவிட்டாள். அப்பா சொன்னதை அவள் என்றைக்குச் சந்தேகப்பட்டாள்? அடுப்படிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு விரல்களால் தட்ட ஆரம்பித்தாள். பள்ளியின் சயின்ஸ் டீச்சர் மெட்ராஸில் பயிற்சிக்குப் போய் வந்தவர். கம்ப்யூட்டர் வருவதற்குள் பிள்ளைகள் கைப்பழக்கம் செய்துகொள்ளட்டும் என்று அட்டையில் இங்கிலீஷ் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக வரைந்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். அம்சா கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். அட்டையில் விரல் படும் டப்டப் சத்தம் கேட்கக் கேட்க, இருதயராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாங்க, கொழம்புல உப்பு கம்மியா?" என்றாள் செண்பகம்.

"இல்ல. வண்டி ஓட்டுன அலுப்பு."

அத்தோடு முடிந்திருந்தாலும் ஒருவேளை அவர் மறந்திருப்பார். சில நாள் கழித்து கோதண்டபாணி அவரைக் கூப்பிட்டு, திண்டிவனம் பள்ளியில் கம்ப்யூட்டருக்காக வாங்கி வைத்திருக்கும் ஸ்டெபிலைசரையும் மேசையையும் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார். மெஷின் இங்கே இருக்க, அது அங்கே சும்மா கிடப்பானேன் என்றார். பிள்ளைகள் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து இருதயராஜ் போனார்.

தலைமையாசிரியை வெள்ளையம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு வந்து அறையைத் திறந்தார். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. ஜன்னலுக்குப் பச்சைத் திரை. பெற்றோர் சங்கத் தலைவர் சுப்பராயலு கொடுத்த தேக்கு மேசை நடுவில் இருந்தது. மேசைமேல் ஒரு துணி உறை மடித்து வைத்திருந்தது. கம்ப்யூட்டர்மேல் தூசி படாமலிருக்கப் பிள்ளைகள் தைத்தது. அதில் நீல நூலால் ஒரு மயிலைப் பின்னியிருந்தார்கள்.

"இதையுமா எடுத்துக்கினு போறீங்க?" என்றார் வெள்ளையம்மாள்.

"சாரு எல்லாத்தையும் எடுத்தாரச் சொன்னாருங்க."

வெள்ளையம்மாள் உறையை எடுத்து, ஓரத்தை நீவி, மறுபடி மேசைமேலேயே வைத்தார். "மெஷின் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியுங்க டிரைவர். தற்காலிகம்னு ஆர்டர் வந்துது. பிள்ளைங்ககிட்ட நான் சொல்லல. ஒயரிங் சரி பண்ண மேசையெல்லாம் வெளிய எடுத்திருக்குன்னு சொல்லிக்கிறேன். உங்க பொண்ணு இங்கதானே படிக்குது? நீங்களும் சொல்லாதீங்க. அதுங்க மனசு வுட்டுடும்."

இருதயராஜ் தலையாட்டினார். தன்னைப்போல இன்னொருவரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்பதில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. உறையோடு மேசையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது அந்த நிம்மதியை நினைத்தே வெட்கமாயிருந்தது.

அதற்கப்புறம் வேலையில் அவருக்கு மனசே ஓடவில்லை. கியர் மாற்றும்போது தடுமாறினார். ஒருநாள் விக்கிரவாண்டி அருகே எதிரில் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்காமல் போய், கோதண்டபாணி சீட்டைப் பிடித்துக்கொள்ளும்படி பிரேக் போட்டார்.

"என்னப்பா ஆச்சு உனக்கு? வீட்ல ஏதாச்சும் பேஜாரா?"

இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று இருதயராஜுக்குத் தோன்றியது. வண்டியை ஓரங்கட்டினார்.

"சார், எம் பொண்ணு அந்தத் திண்டிவனம் இஸ்கோல்லதான் படிக்குது. கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு அட்டைய வெச்சித் தட்டிக்கினே இருக்குது. பாக்க முடியல சார்."

கோதண்டபாணியின் முகத்திலும் ஏதோ ஒரு சங்கடம் ஓடி மறைந்தது. "அட, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? சனிக்கிழமை சனிக்கிழமை உன் பொண்ண வித்யாவர்த்தினிக்குக் கூட்டிக்கினு வா. அங்க வாத்தியார்கிட்ட நான் சொல்றேன். உக்காந்து கத்துக்கட்டும்."

"சார்... அந்த இஸ்கோல்ல மத்தப் பொண்ணுங்களும்..."

"ஊரையே கூட்டிக்கினு வர முடியுமா? உன் பொண்ண கூட்டிக்கினு வா."

இருதயராஜ் கும்பிட்டார். அவரையும் மீறிக் கைகள் குவிந்தன.

அந்தச் சனிக்கிழமை அம்சாவை அழைத்துக்கொண்டு ரயிலேறினார். விழுப்புரத்தில் ஒரு மெஷினைப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். அம்சா அன்றைக்குத் தலைக்குக் குளித்து, ஈஸ்டருக்கு எடுத்த தாவணியைக் கட்டியிருந்தாள்.

வித்யாவர்த்தினியின் வாத்தியார் இளவயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். அவளை உட்காரவைத்து, சுவிட்சைப் போட்டு, இரண்டு வரி எழுதிக் காட்டி, அதேபோல் அடிக்கச் சொன்னார். அம்சா விரல்களை வைத்ததும் அவை தானாக இடம் பார்த்துப் போயின. கடைசிப் பொத்தானை அழுத்தினாள். திரையில் அவள் பெயர் இங்கிலீஷில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொட்ட ஆரம்பித்தது. மேலிருந்து கீழ்வரை அம்சா, அம்சா, அம்சா என்று நிற்காமல் ஓடியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாசலில் நின்றிருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது இருதயராஜுக்கு எல்லாம் சரியாகிவிட்டதுபோல இருந்தது. பிள்ளை கேட்டது கிடைத்துவிட்டது, வேறென்ன வேண்டும்?

நேரமானதும் வாத்தியார், "மூடி வெச்சிட்டுக் கெளம்பும்மா" என்று நாற்காலியில் மடித்துக் கிடந்த உறையைக் காட்டினார். அம்சா அதை எடுத்து உதறினாள். நீல மயில் விரிந்தது. அவள் அதைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு குனிந்து மேசையைப் பார்த்தாள். மேசையின் காலில் சுப்பராயலுவின் பெயர் பெயிண்டில் எழுதியிருந்தது. மெஷினை மூடி, நான்கு பக்கமும் இழுத்துச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், மயிலம் ஸ்டேஷன் வந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"அன்னிக்கு வெறும் வண்டி இல்ல. அதானே?"

"வெறும் வண்டி இல்லம்மா."

"நீதான் ஓட்டிக்கினு போன."

"ஆமா."

"அந்த மயிலு எம் பெஞ்சு கிருஷ்ணவேணி பின்னுனதுப்பா. கண்ணு எரியுது எரியுதுன்னு சொல்லிக்கினே பின்னுனா. அவகிட்ட இன்னா சொல்றது?"

அந்தக் கேள்விக்கு இருதயராஜ் சொன்ன பதிலைப் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்து நினைத்துக் குமைந்தார். ரயில் சத்தத்தில் அவள் காதுப்பக்கம் குனிந்து, "ஒண்ணும் சொல்ல வேணாம்மா. சொன்னா சாருக்குக் கோவம் வரும். உனக்கும் இல்லாமப் பூடும்" என்றார்.

அம்சா தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அப்பாவும் மகளும் விழுப்புரம் போய் வந்தார்கள். வாத்தியார் சொல்லிக் கொடுத்த கணக்கையெல்லாம் மெஷினில் ஏற்றி விடை வரவழைத்தாள் அம்சா. அட்டையைத் தட்டுவதை விட்டுவிட்டாள். வீட்டில் டப்டப் சத்தம் நின்றுபோனது. ஆனால் அவள் வளவளவென்று பேசுவதும் அதோடு நின்றுபோனதை இருதயராஜ் கவனிக்கத்தான் செய்தார்.

ஒரு சனிக்கிழமை அவர்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், வாசலில் கிருஷ்ணவேணி வந்து நின்றாள். சுப்பராயலுவின் மகள். மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பவள். இருதயராஜின் வீடு இருந்த காலனிப் பக்கம் அவள் அதுவரை வந்ததில்லை. அவள் ஊர்க்காரர்கள் யாரும் வருவதில்லை. கையில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தாள். வேகவைத்த மல்லாட்டைக் கடலை, இன்னும் சூடு போகவில்லை.

"எங்க கொல்லியில புடுங்கனாங்க. அம்மா உனக்குக் குடுக்கச் சொல்லுச்சு," என்றவள், அம்சாவின் உடுப்பைப் பார்த்து, "எங்கடி கெளம்பிட்ட?" என்றாள்.

"விழுப்புரத்துக்கு. எங்க அத்தைக்கு ஒடம்பு சரியில்ல."

"போன வாரமும் அத்தை வூடுன்ன."

"ஆமா. இன்னும் எழுந்திருக்கல. பாவம், கஞ்சி வெச்சிக் குடுக்கக்கூட ஆளில்ல."

அம்சா தோழியின் கண்ணைப் பார்த்தே சொன்னாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. இருதயராஜுக்கு விழுப்புரத்தில் தங்கையும் இல்லை, அக்காவும் இல்லை. கிருஷ்ணவேணி 'ஐயோ' என்று உச்சுக் கொட்டி, பையிலிருந்து இன்னும் இரண்டு கை மல்லாட்டையை அள்ளி, "இத்த அத்தைக்குக் குடு" என்று அம்சாவின் கையில் வைத்தாள்.

வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த இருதயராஜ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அட்டைப் பெட்டி இல்லை என்று தான் சொன்ன குரல் இதுதான். அதே நிதானம், அதே சுலபம். பிள்ளைக்கு மெஷினைக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தவர், வேறொன்றையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

"இன்னிக்குப் போவ வேணாம்மா," என்றார், கிருஷ்ணவேணி போனதும்.

"ஏன்?"

"வேணாம்."

அம்சா கையிலிருந்த மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் அதை ஒரு தட்டில் கொட்டி மூடி வைத்தாள். அதை யாரும் தின்னவில்லை. மறுநாள் செண்பகம் எடுத்து ஆட்டுக்குப் போட்டாள்.

அந்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வழக்கமாகச் செண்பகம்தான் போவாள். இந்த முறை இருதயராஜே போனார். கூட்டம் முடியும் தறுவாயில், 'கம்ப்யூட்டர் எப்போ வரும்' என்று யாரோ கேட்டார்கள். வெள்ளையம்மாள் டீச்சர், மேலிடத்திலிருந்து தகவல் வரவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். இருதயராஜ் பின்வரிசையில் எழுந்தார்.

"அது வந்துடுச்சுங்க. விழுப்புரத்துல பசங்க இஸ்கோல்ல இருக்குது. நான்தான் ஓட்டிக்கினு போயி எறக்கனேன். அந்த ரூம்ல இருந்த மேசையும் நான்தான் ஏத்திக்கினு போனேன். எம் பொண்ண மட்டும் ரகசியமா கூட்டிக்கினு போய்க் கத்துக்க வெச்சேன். மத்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லாதன்னு அதோட வாயையும் நான்தான் மூடனேன்."

சுப்பராயலு மெதுவாகத் திரும்பினார்.

"எம் மேசை அங்க இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேய்யா. உன் பொண்ணும் எம் பொண்ணும் ஒரே பெஞ்சிலதான உக்காருது?"

"ஆமாங்க."

"உன் பொண்ணு மட்டும் கத்துக்கினாப் போதும்னு இருந்துட்ட."

இருதயராஜ் அதற்கும் ஆமாம் என்றே சொன்னார். வெள்ளையம்மாள் மேசைமேல் இருந்த பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் எழுந்து, தனக்கும் தெரியும் என்று சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சுப்பராயலுவின் கைக்குப் போய்விட்டது. பெற்றோர்களைத் திரட்டிக்கொண்டு அவர் விழுப்புரம் ஆபீஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்தார். நாங்கள் காலி செய்த அறை, நாங்கள் கொடுத்த மேசை, எங்கள் பிள்ளைகளுக்கு மெஷின் எங்கே என்று கேட்டார். கோதண்டபாணி முதலில் சட்டம் பேசினார், பிறகு சமாதானம் பேசினார். பொங்கல் கழித்து ஒரு மெஷின் திண்டிவனம் வந்தது. இரண்டில் ஒன்றுதான். மேசையும் ஸ்டெபிலைசரும் திரும்பி வந்தன. அந்த லோடை இருதயராஜ் ஓட்டவில்லை. அதற்குள் அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் லாரி ஓட்டப் போய்விட்டார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் விழுப்புரம் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் கோதண்டபாணி வந்தார். இருதயராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன் சார்."

"ஏன்பா, கூட்டத்துல எழுந்து சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. நான் என்ன உனக்குச் செய்யாமலா இருந்தேன்?"

"கேட்டேன் சார். எம் பொண்ணுக்குன்னு கேட்டேன். நீங்க குடுத்தீங்க. அங்கதான் நான் தப்பு பண்ணிட்டேன்."

கோதண்டபாணி செண்பகத்தின் உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். இருதயராஜும் மரியாதையாகப் பதில் சொன்னார். அவர் போன பிறகு டீ ஆறிப்போயிருந்தது.

பள்ளியில் அம்சாவோடு யாரும் பேசுவதில்லை என்பதைச் செண்பகம் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். கிருஷ்ணவேணி வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள். ஒரே மெஷின் என்பதால் பிள்ளைகள் முறை வைத்து உட்கார்ந்தார்கள். அம்சா தன் முறை வரும்போதெல்லாம் எழுந்து அடுத்தவளுக்கு இடம் விட்டுவிடுகிறாளாம். டீச்சர் சொல்லியும் கேட்பதில்லையாம்.

இருதயராஜ் சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயிலிலிருந்து நடந்து வரும்போது, செண்பகத்தை முன்னால் போகவிட்டு மகளோடு சேர்ந்து நடந்தார்.

"அம்சா, ரயில்ல நான் சொன்னது தப்பும்மா. சொல்லாதன்னு சொல்லியிருக்கக் கூடாது. பொய் சொல்ல வெச்சது நான். நீ ஏன் உன் முறையை விட்டுக் குடுக்கற? நீ இன்னா பண்ண?"

கொஞ்சதூரம் நடந்தார்கள்.

"நீ சொன்னதுக்காக நான் பேசாம இல்லப்பா," என்றாள். "எனக்கும் வேண்டியிருந்துச்சு. எனக்கு மட்டும் இருக்கட்டும்னு நெனச்சேன். முதல் நாளே மயிலப் பாத்துட்டேன், இருந்தும் மறுவாரம் நான்தான் உனக்கு முந்தி ஸ்டேஷனுக்குக் கெளம்பி நின்னேன். ஞாபகம் இருக்குதா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது.

"கிருஷ்ணவேணிகிட்ட இதச் சொன்னியா?"

"நேத்துச் சொன்னேன்."

"அது இன்னா சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கினு பூட்டா."

முன்னால் போன செண்பகம் திரும்பிப் பார்த்து, சீக்கிரம் வரச் சொல்லிக் கையாட்டினாள். வெயில் ஏறியிருந்தது. இருதயராஜ் மகளின் கையிலிருந்த பைபிளை வாங்கி, தன் துண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இருவரும் நடையை எட்டிப் போட்டார்கள்.